மஞ்சள் வைத்த கறுப்புக் கட்டம்

1

திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் என் மகள் யாழினிக்கும் ஒரே வயது. வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்து எங்கள் ஊரைத் தலைநகர் ஆக்கிய அதே வருஷத்தில்தான் அவளும் பிறந்தாள். இந்த வருஷம் இரண்டு பேருக்கும் இருபது. மாவட்டத்துக்கு அங்கே என்ன விழா எடுத்தீர்களோ தெரியாது. யாழினிக்கு இங்கே கார்டிஃப் நகரத்தில் ஒரு கேக் வெட்டினோம். அதன் மேல் ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’ என்று எழுதச் சொல்லி, கடைக்காரரிடம் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த வெள்ளைக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து கிரீமில் வரைந்திருந்தார். கால், புள்ளி எதையும் விடவில்லை.

மெழுகுவத்தியை ஊதக் குனிந்த என் மகள் சொன்னாள்: “அம்மா, இந்த டிசைன் ரொம்ப க்யூட்டா இருக்கு!”

என் கணவர் சேகர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் இங்கே வந்தபோது அவளுக்கு மூன்று வயது. தமிழ் பேசுவாள், சண்டை போடுவாள், அத்தைக்குப் போன் பண்ணி மணிக்கணக்கில் கதை அளப்பாள். ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. சனிக்கிழமைகளில் சர்ச் மண்டபத்தில் நடந்த தமிழ் வகுப்புக்குக் கொஞ்ச நாள் அனுப்பினேன். எனக்குச் சனிக்கிழமை வேலை வந்தது, வகுப்பு நின்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சொல்லியே இருபது வயது ஆகிவிட்டது. குற்றவாளி நான்தான், வேறு யாரையும் கைகாட்டப் போவதில்லை.

2

யாழினி இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறாள், கடைசி வருஷம். அதில் ஒரு செயல்திட்டம் செய்து காட்ட வேண்டும். நன்றாக வந்தால் அவளுடைய ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில் மேற்படிப்புக்கு இடம். இருப்பது ஒரே இடம், அதன் மேல் அவளுக்கு முதல் வருஷத்திலிருந்தே கண்.

அவள் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். வீட்டு வாசலில் ஒரு தாளை ஒட்டுகிறோம். அதில் தடித்த கறுப்புக் கட்டம் ஒன்று அச்சடித்திருக்கும், உள்ளே அந்த வீட்டுக்கான அடையாளக் குறி. போன் கேமராவைத் தூக்கிப் பிடித்தால், அது கட்டத்தின் நான்கு மூலைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும். உடனே திரையில் அந்த வீட்டுக்கு மேலே அந்தரத்தில் எழுத்து தோன்றும். யார் வீடு, என்ன விசேஷம், எல்லாம் வாசிக்கலாம். போனை இறக்கினால் எழுத்து இருக்காது. இன்னும் சில வருஷத்தில் உலகத்தில் இருக்கிற எல்லாத் தெருவுக்கும் இப்படி ஒரு மேல்சட்டை மாட்டிவிடுவார்களாம்.

சோதனைக்கு அவள் தேர்ந்தெடுத்தது என் அண்ணன் வீடு இருக்கும் கிணத்துச் சந்து. ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து மலையைப் பார்த்துப் பிரியும் குறுகலான சந்து. பதினெட்டு வீடுகள். ரோட்டுக் காபிக்கடைகளில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் மலையடிவாரத்துக்குக் குறுக்கு வழியாக அதில்தான் நடப்பார்கள். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

முதல் சோதனை எங்கள் சமையலறையில் நடந்தது. ‘அண்ணன் வீடு’ என்று நான் கணினியில் தட்டினேன். குளிர்பெட்டி மேல் ஒட்டியிருந்த கட்டத்துக்கு நேராக அவள் போனைப் பிடித்தாள். திரையில் வரிசையாகக் காலிப் பெட்டிகள். வேறு ஒன்றும் இல்லை.

“போனுக்குத் தமிழ் தெரியாதும்மா. இங்கிலீஷ்லயே போட்டுக்கலாம். அங்க நடக்கறவங்க எல்லாம் ஃபாரினர்ஸ்தானே?”

“இந்த ஊருக்குப் பண்ணியிருந்தா?”

“இங்க வெல்ஷும் இங்கிலீஷும் ரெண்டும் கட்டாயம். வெளிநாடுன்னா இங்கிலீஷ் மட்டும் போதும்னு ரூல்ஸ்ல இருக்கு.”

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இங்கே வேல்ஸ் நாட்டில் குப்பைத்தொட்டி நோட்டீஸ்கூட இரண்டு மொழியில்தான் வரும். அது சும்மா வந்ததில்லை. எங்கள் பக்கத்து வீட்டு க்வென் அம்மாள், பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர், சின்ன வயதில் ஆங்கிலம் மட்டும் இருந்த சாலைப் பலகைகளில் பெயின்ட் அடித்துவிட்டு ஓடியவர். அதை எனக்குச் சொன்னபோது அவருக்கு எழுபது வயது, இன்னும் ஒரு டப்பா பெயின்ட் கிடைத்தால் கிளம்பிவிடுவார் போலிருந்தது. ரயில் நிலையப் பலகையில் தார் பூசிய ஊர்க்காரி நான். எனக்கு அது அன்னியமான கதையா?

“உன் போனுக்குத் தமிழ் சொல்லிக் குடு. இல்லன்னா அத எடுத்துக்கிட்டு என் அண்ணன் வீட்டுக்கு வராத” என்றேன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்குப் போனாள். வழி கிடைத்தது என் வேலையில். நான் ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பழைய நோயாளிகளின் காகிதக் கோப்புகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவது என் வேலை. டாக்டரின் கோழிக்கிறுக்கலைக் கணினி படிக்கிறதா என்ன? படமாக வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தமிழையும் படமாகவே காட்டட்டும் என்று மறுநாள் சொன்னேன்.

“படத்துக்குள்ள இருக்கறதத் தேட முடியாதும்மா. கம்ப்யூட்டருக்கு அது எழுத்தே இல்ல.”

“படிக்க முடியுமா, முடியாதா?”

“உன்னால முடியும்” என்றாள். ஒரு தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள்.

3

எழுதுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஊர் மாவட்டத் தலைநகரம் ஆனதும் சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் மனுவோடு பஸ் ஏறி வர ஆரம்பித்தது. மனு எழுதித்தரும் மாணிக்கம் என்பவரிடம் நான் தமிழ் டைப்ரைட்டர் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வயிற்றில் யாழினி. மேஜைக்கும் வயிற்றுக்கும் இடையில் இடம் போதாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து அடிப்பேன்.

ஒருநாள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மாள் வந்தார். வந்ததும் வராததுமாக, “எங்க ஊர்ல பஸ்ஸு நிக்கறதில்ல. நிக்கணும். அத எழுதும்மா” என்றார். அவ்வளவுதான் அவர் கோரிக்கை. நான் அப்படியே ஒரு வரி அடித்தேன். மாணிக்கம் தாளை உருவி எடுத்துக் கசக்கிப் போட்டார்.

“இன்னாம்மா இது, ஆர்டர் போடற மாதிரி? ரெண்டு பக்கம் அடி. புருஷன் சீக்காளி, புள்ளைங்க நாலு, மழ இல்ல, கல்லக்கா பயிரு காஞ்சி போச்சி. படிக்கறவருக்குக் கண்ணு கலங்கணும்.”

“எம் புருஷன் நல்லாத்தானே கீறாரு” என்றார் அந்த அம்மாள்.

“நீ சும்மா இரு” என்றார் மாணிக்கம்.

கொஞ்ச நாளில் எனக்கு அந்தக் கலை கைவந்துவிட்டது. ‘கனம் பொருந்திய அய்யா அவர்கள் சமூகத்திற்கு’ என்று ஆரம்பித்தால் கை தானாகக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். என் மனு போனால் வேலை நடக்கும் என்று பேர் வாங்கினேன். அந்தப் பெருமையைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த சில வருஷத்தில் எங்கள் தெருவிளக்கு எரியவில்லை. இந்த ஊரில் எல்லாம் கணினி வழியாகத்தான். ஒரு படிவம், அதில் ஒரு சின்னப் பெட்டி, இத்தனை எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நான் விடுவேனா? என் கணவர் ஏழை, எனக்கு ஒரே பெண்குழந்தை, இருட்டில் நாங்கள் படும் துயரம் கடவுளுக்கே வெளிச்சம், தங்கள் பாதங்களைப் பணிகிறேன் என்று ஆங்கிலத்தில் உருக்கி எடுத்தேன். இரண்டாம் நாள் வாசலில் ஒரு அதிகாரி அம்மாள். விளக்குக்கு வரவில்லை. வீட்டில் எனக்கு ஏதாவது ஆபத்தா, குழந்தை சாப்பிடுகிறதா என்று விசாரிக்க வந்திருந்தார். சேகரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார், அவர் அடிப்பாரா என்று. சேகர் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கண் கலங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்.

பிறகு இந்த நாட்டுக் குடியுரிமைக்குத் தேர்வு எழுதினேன். எழுதினேன் என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். கணினியில் கேள்வி வரும், நான்கு பதில் வரும், ஒன்றைச் சொடுக்க வேண்டும். எல்லாம் சரியாகச் சொடுக்கினேன், பிரஜை ஆகிவிட்டேன். ஒரு வரி எழுது என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அழுதால்தான் பிரஜை, இங்கே சொடுக்கினால் போதும். நேராக நிமிர்ந்து இது எனக்கு வேண்டும் என்று எழுதுவதற்கு எந்த ஊரிலும் எனக்கு ஒரு தாள் கிடைக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

4

கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார், காலையில் போனால் இரவுதான். வீட்டை ஆள்வது அண்ணி மலர்க்கொடி. வெளிநாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் தொளதொள பருத்திக் கால்சட்டைகளைத் தைத்துத் தருகிறார். “டுமாரோ ஈவினிங் கம், சார்” என்பது வரை இங்கிலீஷ் உண்டு, அதற்கு மேல் தேவைப்படவில்லை என்பார்.

யாழினி வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கி, பதினெட்டு வாசல்களிலும் கறுப்புக் கட்டத் தாளை ஒட்டினாள். காலையில் ஒட்டி, சோதித்துப் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தது. குதித்துக்கொண்டு வந்து சாப்பிட்டாள். சாயங்காலம் மறுபடி போனைத் தூக்கிக்கொண்டு போனவள், முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

“அம்மா, ஒண்ணுகூட ஒர்க் ஆகல. எல்லாம் போச்சு!”

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் நான்கு மூலையிலும் கெட்டியாக மஞ்சள், நடுவில் பொட்டாகக் குங்குமம். சந்து முழுக்க. போன் தேடுவதே அந்த மூலைகளைத்தான். கறுப்பு மூலை மஞ்சளுக்கு அடியில் போய்விட்டது.

அண்ணி தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்தார். “நான்தான் மொதல்ல வெச்சேன். புதுசா ஒரு பேப்பர வாசல்ல ஒட்டிட்டு மஞ்சள் வெக்காம உடுவாங்களா? அதுவும் கறுப்பா இருக்குது. எங்க வீட்டுப் புள்ள பண்ற வேல, நல்லபடியா வரணும்னுதான் வெச்சேன். என்னப் பாத்து எல்லாரும் வெச்சாங்க.”

“தொடச்சிடலாமா அத்தை?”

“வெச்ச மஞ்சளத் தொடைக்கக் கூடாது பாப்பா.”

யாழினி அழுதே விட்டாள். வேறு தாள் அச்சடித்து ஒட்டினால் அதற்கும் மஞ்சள் வரும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வைக்காதீர்கள் என்று நான் சொல்லிப் பார்த்திருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. “லண்டன்ல ஓடற போனு நம்ம சந்துல ஓடணும்னா நம்ம சந்தத் தெரிஞ்சிக்கத்தான் வேணும்” என்றேன். கார்டிஃப் எங்கள் சந்தில் லண்டன்தான்.

மூன்று நாள் அவள் வெளியே வரவில்லை. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, மஞ்சள் வைத்த தாள்களைப் படம் எடுத்துப் படம் எடுத்து நிரலை மாற்றினாள். மூலை தெரியாவிட்டால் பக்கக் கோடுகளை நீட்டிப் பார்த்து, இரண்டும் எங்கே சந்திக்குமோ அதுதான் மூலை என்று போன் கணக்குப் போட வேண்டும். நான்காம் நாள் காலை, அண்ணி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கட்டம் பிடிபட்டது. யாழினி கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

“பாத்தியா, மஞ்சள் வெச்சது வீண் போகல” என்றார் அண்ணி.

5

அடுத்த வேலை என்னுடையது. பதினெட்டு வீட்டுக்கும் எழுத்து. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதியதில் எனக்கே திருப்தி. அண்ணி வீட்டில் ஆரம்பித்து வாசித்துக் காட்டினேன். ‘வறுமையிலும் செம்மையாக வாழும் இந்த எளிய பெண்மணி, கண்பார்வை மங்கிய நிலையிலும் தையல் தொழில் செய்து…’

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“யாருக்குக் கண்ணு மங்கிச்சி?”

“கண்ணாடி போட்டிருக்கீங்க இல்ல அண்ணி…”

“கண்ணாடி போட்டா மங்கிச்சின்னு அர்த்தமா? வறுமையின்னு எழுதிக்கற. எங்க வீட்ல இன்னாத்துக்குக் கொறச்சல்? யாருகிட்ட இன்னா கேக்கப் போறேன்னு என்னப் பாவமா எழுதற? இது மனுவா?”

எனக்கு முகம் சுட்டது. அந்த ஊர், இந்த ஊர், போன், பலகை என்று எல்லோரோடும் சண்டைக்கு நின்றவள் நான். சொந்த அண்ணியைக் காலில் விழ வைத்து எழுதியிருக்கிறேன், அதை அழகு என்று வேறு நினைத்திருக்கிறேன். மற்ற பதினேழையும் பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு சீக்காளி, ஒரு கஷ்டம், ஒரு கண்ணீர். மாணிக்கம் இருந்திருந்தால் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்.

“நீங்களே எழுதுங்க அண்ணி” என்றேன்.

“எழுதறேன். அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன் இல்ல.”

கால்சட்டை அளவு எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, துணி மேல் கோடு போடுவது போல நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததை மாற்றாமல் தருகிறேன், எழுத்துப்பிழைகளை மட்டும் அவரைக் கேட்டுத் திருத்தினேன்:

‘இது மலர்க்கொடி வீடு. நான் தையல் வேலை செய்கிறேன். இந்தச் சந்தில் முதல் கரண்டு மிஷின் என்னுடையது. வாசலில் இருப்பது நான் போட்ட கோலம். அதைப் போட்டோ எடுப்பவர்கள் என்னைக் கேட்டுவிட்டு எடுக்கவும். நான் சரி என்றுதான் சொல்வேன். என்னைச் சிரிக்கச் சொல்ல வேண்டாம். ஏழு மணிக்குத் தண்ணீர் வரும், அப்போது வழியில் நிற்க வேண்டாம். மலையைப் பார்க்க வந்தீர்கள், பாருங்கள். எங்களையும் பார்த்துவிட்டீர்கள். வணக்கம்.’

இதைக் கேள்விப்பட்டு மற்ற வீடுகளிலும் அவரவரே எழுதித் தந்தார்கள். ஒரு வீட்டில் பிள்ளையின் மார்க்கை மட்டும் எழுதியிருந்தார்கள். ஒரு வீட்டில் ‘இங்கே நாய் உள்ளது, நல்ல நாய்’ என்று மட்டும். நான் எதிலும் கை வைக்கவில்லை.

6

யாழினி எல்லாத் தாளையும் படம் எடுத்தாள். கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு போடுவதாகச் சொல்லிவிட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள். அண்ணிக்குக் காது கூர்மை.

“இங்கிலீஷ்ல எதுக்கு? என்னுத வேணாம்.”

“அத்தை, கேட்டுட்டு போட்டோ எடுங்கன்னு எழுதியிருக்கீங்களாம். இங்கிலீஷ்ல இல்லன்னா அவங்களுக்கு எப்படிப் புரியும்?”

“இன்னா எழுதியிருக்குதுன்னு என்னக் கேக்கட்டும். சொல்றேன். இத்தினி வருஷமா ஒரு வார்த்த கேக்காம எடுத்துக்கினு போறாங்க. இதுலயும் கேக்காமலே படிச்சிட்டுப் போயிடுவாங்க. எங்கிட்ட நின்னு பேசணும், அதுக்குத்தான் எழுதனேன்.”

யாழினி வாதாடிப் பார்த்தாள். அண்ணி மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். மற்ற வீடுகளில் ஆங்கிலத்துக்குச் சரி என்றார்கள், அண்ணி ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. ஆனால் திட்டத்தின் முதல் வீடே அதுதான், ஆசிரியருக்கு அனுப்பிய படங்கள் எல்லாம் அந்தக் கோலம்தான்.

கார்டிஃப் திரும்பினோம். ஆசிரியர் மின்னஞ்சலில் எழுதியிருந்தார்: காட்டப்போகும் வீடு அதுவாக இருந்தால் ஆங்கிலம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பயன்பாட்டுக்கான மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டி வரும், வேறு வீட்டைக் காட்டினாலும் சரி. அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரே இடம், என் மகள் மூன்று வருஷமாக ஆசைப்பட்ட இடம்.

“ரெண்டு வரி இங்கிலீஷ்ல போட்டுடு. இல்லன்னா நாய் வீட்டக் காட்டு. அண்ணிக்குத் தெரியவா போகுது?” என்றேன்.

யாழினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. “அவங்க வேணாம்னு சொன்னாங்கம்மா. நீதானே பக்கத்துல நின்ன?”

“சொன்னாங்கதான்…”

“மொதல்ல மஞ்சள் வெச்சது அவங்க பேப்பர்லதான். நான் அதத்தான் காட்டப்போறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா அது என்ன சொல்லுதுன்னு எனக்கே தெரியாம எப்படிக் காட்டறது? நீ படிச்சுக் காட்டனா அது நீ படிச்சது. எனக்குச் சொல்லிக் குடு” என்றாள்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் தமிழ் வகுப்பு ஆரம்பித்தது. அரிச்சுவடி கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. அண்ணியின் அந்த ஒரு தாள்தான். வேலை முடிந்து வந்து சமையலறை மேஜையில் உட்காருவோம். முதல் நாள் ‘இது’ மட்டும். இரண்டாம் நாள் ‘வீடு’. கணினி மொழிகள் ஆறு தெரிந்தவள் ‘ழு’வுக்கு முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டினாள், தாளைத் தூக்கி எறிந்தாள், எடுத்து வந்து மறுபடி உட்கார்ந்தாள். அண்ணியின் கையெழுத்தில் ‘ற’வும் ‘ர’வும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடங்களில் நானே தடுமாறினேன். மனப்பாடம் செய்துகொள் என்று ஒருமுறை சொன்னேன், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

7

திட்டத்தைக் காட்டும் நாளில் பெற்றோரும் வரலாம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். மூன்று தேர்வாளர்கள், ஆசிரியரும் அதில் ஒருவர்.

யாழினி அண்ணி வீட்டு வாசலின் பெரிய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தாள். கதவு, கோலம், மஞ்சள் வைத்த கட்டம். போனைத் தூக்கினாள். போனில் தெரிவது பெரிய திரையிலும் தெரிந்தது. கட்டம் பிடிபட்டு, கதவுக்கு மேலே அண்ணியின் தாள் வந்து நின்றது, அளவு நோட்டின் சிவப்புக் கோடு உட்பட. மூலைகள் மறைந்திருந்தும் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அவள் விளக்கியபோது ஒரு தேர்வாளர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

“நன்றாக இருக்கிறது. இதன் ஆங்கிலம் எங்கே?” என்று கேட்டார் ஆசிரியர்.

“இல்லை. எழுதியவர் ஆங்கிலத்தில் போட அனுமதி தரவில்லை.”

“அப்படியானால் இதைப் பயன்படுத்துபவருக்கு என்ன கிடைக்கிறது?”

“படிக்கத் தெரிந்தால் படிக்கலாம். தெரியாவிட்டால் அவரைக் கேட்க வேண்டும். அவர் அங்கேதான் இருப்பார்.”

“சரி, உனக்குத் தெரியுமா அதில் என்ன இருக்கிறது என்று?” இன்னொருவர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யாழினி போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கை விரலைத் திரையில் வைத்தாள். படிக்க ஆரம்பித்தாள். தமிழில், சத்தமாக. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, நிறுத்தி, திரும்பப் போய், சேர்த்து. ‘மிஷின்’ என்பதில் நின்றாள். ‘கேட்டுவிட்டு’ என்பதில் ரொம்ப நேரம் நின்றாள். அறையில் ஒருவர் தொண்டையைச் செருமினார், யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. நான் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்று அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் அடக்கியதில்லை. ‘வணக்கம்’ என்று அவள் முடித்தபோது மணி அடித்துவிட்டது. நிரலின் மற்ற வேலைகளைக் காட்ட நேரம் இருக்கவில்லை.

எனக்குக் கண்ணீர் வந்தது. யாரிடமும் எதையும் கேட்பதற்காக வந்த கண்ணீர் இல்லை அது.

8

இரண்டு வாரத்தில் மதிப்பெண் வந்தது. நிரலுக்கு நல்ல மதிப்பெண். பயன்பாட்டுக்கும் காட்டிய விதத்துக்கும் குறைத்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்து இடம் வேறொரு பையனுக்குப் போனது. அருங்காட்சியகச் சாமான்களுக்கு மேலே ஆங்கிலத்திலும் வெல்ஷிலும் விலையும் வயதும் மிதக்கவிட்டவன். கெட்டிக்காரன்தான், குறை சொல்வதற்கில்லை.

அங்கே இருக்கும் உங்களில் சிலர் நினைப்பீர்கள், ஒரு சந்துக்காரியின் வீம்புக்காகப் பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொண்டார்களே என்று. சேகரும் ஒருநாள் அதையேதான் சொன்னார். எனக்குப் பதில் இருக்கிறது. நாளைக்கு இந்தப் போன்கள் உங்கள் தெருவுக்கும் வரும். உங்கள் வாசலுக்கு மேலே யாரோ எதையோ எழுதி மிதக்க விடுவார்கள். எந்த மொழியில், யார் சொல்லி, யார் படிக்க என்று அப்போது உங்களை ஒருவரும் கேட்க மாட்டார்கள். எங்கள் சந்தில் ஒருத்தி கேட்க வைத்தாள். என் மகள் அதற்கு ஒரு இடத்தைக் கொடுத்தாள். நஷ்டம்தான். வலிக்கிறது. ஆனாலும் மறுபடி நடந்தால் மறுபடி கொடுப்பாள், அப்போது நானும் பயப்பட மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊருக்குப் போன் போட்டேன். இடம் கிடைக்காததை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பாதிதான் சொன்னேன்.

“அது கெடக்குது உடு. எம் பேப்பர அவங்க முன்னால படிச்சாளா?”

“படிச்சா அண்ணி.”

“நீ சொல்லிக் குடுக்காம?”

“நான் வாயே தொறக்கல. நாலு எடத்துல தடுமாறினா. ஒரு வார்த்தையத் தப்பா படிச்சா.”

“எம் பேரு?”

“அத ஒரே மூச்சுல படிச்சா.”

மறுமுனையில் தையல் மிஷின் சத்தம் நின்றது.

“அப்புறம் இன்னா? போன அவகிட்ட குடு.”